வீட்டு வெப்பக்காற்று உலை

வீட்டு வெப்பக்காற்று உலை என்பது குளிர்காலத்தில் வீட்டினுள் இருக்கும் காற்றைச் சூடாக்கி, தகட்டுக் குழாய்கள் வழியாக அறைகளுக்கு அனுப்பும் கருவி ஆகும். கனடா, ஐக்கிய அமெரிக்கா ஆகிய நாடுகளின் தனிவீடுகளில் இது பரவலாகப் பயன்படுகின்றது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இயற்கை எரிவளியால் இயங்கும் உலைகளே மிகுதி. ரொறன்ரோ பெரும்பாகத்தில் வாழும் தமிழர் இதனைப் பேச்சு வழக்கில் ஃபர்னஸ் என்றோ ஹீற்றர் என்றோ அழைப்பர்.

வீடு சூடாகாதபோது உலை கெட்டுவிட்டது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் பல வேளைகளில் உலை கெட்டிருப்பதில்லை. ஏதேனும் ஒரு பாதுகாப்புக் கருவி ஆபத்தை உணர்ந்து அதனை நிறுத்தி வைத்திருக்கும். ஆகவே உலை எந்தப் படியில் நின்றது, ஏன் நின்றது என்று அறிவதே பழுது காண்பதன் அடிப்படை ஆகும். இக்கட்டுரை ஒன்ராறியோவில் வழங்கும் எரிவளி உலையை முதன்மையாகக் கொண்டு இதனை விளக்குகின்றது. மின் சூடாக்கிகள், கொதிகலன்கள், வெப்ப ஏற்றிகள் ஆகியவை இங்கு கூறப்படவில்லை.

வரலாறு

தரைக்கு அடியில் சூடான காற்றைச் செலுத்திக் கட்டடங்களைச் சூடாக்கும் முறை பண்டைய உரோமரிடம் இருந்தது. 1883 இல் வாரன் ஜோன்சன் மின்சார அறை வெப்பநிலைக் கட்டுப்படுத்திக்குக் காப்புரிமம் பெற்றார். 1919 இல் அலிசு பார்க்கர் என்பவர் எரிவளியால் இயங்கும் வீட்டுச் சூடாக்கும் அமைப்பு ஒன்றுக்கு ஐக்கிய அமெரிக்காவில் காப்புரிமம் பெற்றார்.

ஒன்ராறியோவின் வீடுகள் நெடுங்காலம் நிலக்கரியாலும் பின்னர் எண்ணெயாலும் சூடாக்கப்பட்டன. மேற்குக் கனடாவின் எரிவளியைக் கிழக்கே கொண்டுவரும் டிரான்சுகனடா குழாய்வழி 1958 இல் நிறைவுற்ற பின்னர் எரிவளி உலைகள் பெருகின. 2009 ஆம் ஆண்டின் இறுதியில் இருந்து கனடாவில் புதிய வீட்டு எரிவளி உலைகள் குறைந்தது 90 விழுக்காடு திறன் உடையவையாக இருக்கவேண்டும் என்று விதிக்கப்பட்டது. 2019 இல் இவ்வெல்லை 95 விழுக்காடாக உயர்த்தப்பட்டது.

அமைப்பு

உலையில் இரண்டு காற்றோட்டங்கள் உள்ளன. இவை ஒன்றோடொன்று கலக்கக்கூடாது.

முதலாவது, எரிதலுக்கான காற்றோட்டம். எரிவளி எரிந்து உண்டாகும் சூடான புகை வெப்பப் பரிமாற்றி எனப்படும் உலோகக் குழல்களின் உள்ளே சென்று, வீட்டுக்கு வெளியே போகின்றது. இதனை இழுப்பது புகையிழு விசிறி எனும் சிறிய விசிறி.

இரண்டாவது, வீட்டுக் காற்றோட்டம். அறைகளில் உள்ள காற்று மீள்காற்றுத் துவாரங்கள் வழியாக வந்து, காற்று வடிகட்டியைக் கடந்து, ஊதுவிசிறியால் வெப்பப் பரிமாற்றியின் வெளிப்புறமாகத் தள்ளப்பட்டுச் சூடாகி, அறைகளுக்குத் திரும்புகின்றது.

வெப்பம் உலோகச் சுவரைக் கடந்து வீட்டுக் காற்றுக்கு வருகின்றது. புகை அச்சுவருக்கு அப்பாலேயே நிற்கின்றது. உலையின் பாதுகாப்பு முழுவதும் இந்தப் பிரிவினையில் தங்கியுள்ளது.

90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட திறனுடைய உலைகளில் இரண்டாவது வெப்பப் பரிமாற்றி ஒன்றும் இருக்கும். எரிவளி எரியும்போது நீராவியும் உண்டாகின்றது. அந்நீராவி இங்கு குளிர்ந்து நீராக மாறும்போது வெளிவிடும் வெப்பமும் வீட்டுக்குக் கிடைக்கின்றது. எஞ்சும் புகை அதிகச் சூடில்லாதது ஆகையால், கூரைக்கு மேல் செல்லும் புகைபோக்கிக்குப் பதிலாக நெகிழிக் குழாய் ஒன்றின் வழியாகப் பக்கச் சுவரால் வெளியேற்றப்படுவது வழக்கம். இதனால் இரண்டு புதிய பழுதுகளுக்கு வாய்ப்பு ஏற்பட்டது. நிலத்துக்கு அண்மையில் உள்ள குழாய் வாயைப் பனி மூடலாம். உலையில் சேரும் நீர் வடிந்து செல்லும் குழாய் அடைபடலாம் அல்லது உறையலாம்.

இயங்கும் ஒழுங்கு

உலை பின்வரும் ஒழுங்கில் இயங்குகின்றது. ஒவ்வொரு படியும் நிறைவேறியது உறுதியான பின்னரே கட்டுப்பாட்டுப் பலகை அடுத்த படிக்குச் செல்லும்.

1. அறையின் வெப்பநிலை குறைந்ததும், வெப்பநிலைக் கட்டுப்படுத்தி (தெர்மோஸ்டாட்) 24 வோல்ட் மின்சுற்று ஒன்றை மூடி உலைக்குச் செய்தி அனுப்பும்.
2. புகையிழு விசிறி சுழலத் தொடங்கும்.
3. அதனால் உண்டாகும் அழுத்தக் குறைவை அழுத்த ஆளி (சுவிட்சு) உணர்ந்து மூடிக்கொள்ளும். புகை செல்லும் வழி திறந்திருக்கின்றது என்பதற்கு இதுவே சான்று.
4. எரிமூட்டி செந்நிறமாகக் கனலும். சில உலைகளில் தீப்பொறி உண்டாகும். பழைய உலைகளில் எப்போதும் எரியும் சிறுசுடர் இப்பணியைச் செய்யும்.
5. எரிவளி வால்வு திறந்து எரிவளி பற்றிக்கொள்ளும்.
6. தீச்சுடர் உணரி சுடரை உறுதிசெய்யும். சில நொடிகளுக்குள் உறுதி கிடைக்காவிடில் வால்வு மூடப்படும்.
7. வெப்பப் பரிமாற்றி சூடேறியதும், ஏறத்தாழ அரை நிமிடம் முதல் ஒரு நிமிடத்துக்குள், ஊதுவிசிறி இயங்கும்.
8. அறை வேண்டிய வெப்பநிலையை அடைந்ததும் எரிவளி நிறுத்தப்படும். எஞ்சிய வெப்பத்தை எடுத்துச் செல்ல ஊதுவிசிறி சிறிது நேரம் தொடர்ந்து இயங்கும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, உலையினுள் வெப்பம் எல்லை மீறினால் எரிவளியை நிறுத்தும் மிகைவெப்ப ஆளி ஒன்றும் உண்டு.

உலையின் அருகில் நின்று ஒரு முறை இவ்வொழுங்கைக் கேட்டாலே பழுது எந்தப் படியில் உள்ளது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். மேலும், அண்மைக்கால உலைகளின் கட்டுப்பாட்டுப் பலகையில் சிறு விளக்கு ஒன்று உண்டு. அது எத்தனை முறை மின்னுகின்றது என்பது பழுதின் குறியீடு ஆகும். குறியீடுகளின் அட்டவணை பொதுவாக உலைக் கதவின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கும். மின்சாரத்தை நிறுத்தினால் சில உலைகளில் இக்குறியீடு அழிந்துவிடும். ஆகையால் முதலில் அதனைக் குறித்துக்கொள்ளவேண்டும்.

வீடு சூடாகாமைக்கான காரணங்கள்

உலை தொடங்கவே இல்லை

புகையிழு விசிறியின் ஓசையே கேட்காவிடில், செய்தியோ மின்சாரமோ உலைக்கு வரவில்லை என்று கொள்ளலாம். பின்வருவன பார்க்கப்படவேண்டியவை.

- வெப்பநிலைக் கட்டுப்படுத்தி சூடாக்கும் நிலையில் உள்ளதா, அதன் மின்கலங்கள் தீர்ந்துவிட்டனவா என்பது.
- உலைக்குரிய மின்சுற்று முறிப்பான் விழுந்துள்ளதா என்பது.
- உலைக்கெனத் தனியாக உள்ள ஆளி அணைக்கப்பட்டுள்ளதா என்பது. இது உலையின் பக்கத்திலோ கீழ்த்தளப் படிக்கட்டின் அருகிலோ இருக்கும். மின்விளக்கின் ஆளி என்று எண்ணி இதனை அணைத்துவிடுவது உண்டு.
- உலையின் கதவு சரியாகப் பொருந்தியுள்ளதா என்பது. கதவுக்குப் பின்னால் உள்ள ஆளி அழுத்தப்படாவிடில் உலை முற்றிலும் இயங்காது. வடிகட்டியை மாற்றியவுடன் உலை நின்றுபோனால் இதுவே முதலில் ஐயுறத்தக்கது.

தொடங்கிப் பின் நின்றுவிடுகின்றது

புகையிழு விசிறி சுழன்றும் எரிமூட்டி கனலவில்லை எனின், பெரும்பாலும் அழுத்த ஆளி மூடவில்லை என்பது பொருள். வெளிச்சுவரில் உள்ள குழாய் வாய்களைப் பனியோ, இலைகளோ, பறவைக் கூடோ அடைத்திருக்கலாம். நீர் வடிகுழாய் அடைபட்டு நீர் தேங்கியிருக்கலாம். விசிறி பழுதாகியிருக்கலாம். பனிப்புயலுக்கு மறுநாள் காலையில் உலை இயங்காவிடில், முதலில் வெளியே சென்று குழாய் வாய்களைப் பார்க்கவேண்டும்.

சுடர் பற்றிச் சில நொடிகளில் அணைந்துவிட்டால் தீச்சுடர் உணரியை ஐயுறலாம். இது சுடருக்குள் நிற்கும் மெல்லிய உலோகக் கம்பி. சுடரில் உள்ள மின்னணுத் துகள்கள் வழியாகச் சில மைக்ரோ ஆம்பியர் அளவான மின்னோட்டம் பாய்கின்றது; அதனைக் கொண்டே பலகை சுடர் இருப்பதை அறிகின்றது. கம்பியில் படியும் மெல்லிய படலம் மின்னோட்டத்தைத் தடுத்தால், சுடர் இருந்தும் இல்லை எனப் பலகை முடிவுசெய்யும். கம்பியைத் துப்புரவு செய்வது தொழினுட்பவியலாளருக்குச் சில நிமிட வேலையே.

பற்றவைக்கும் முயற்சி சில முறை தோல்வியுற்றால் உலை தன்னைப் பூட்டிக்கொள்ளும். மின்சாரத்தை ஒரு முறை நிறுத்தி மீண்டும் கொடுத்தால் பூட்டு நீங்கும். ஆனால் மீண்டும் மீண்டும் அவ்வாறு செய்துகொண்டிருப்பது தீர்வாகாது.

எரிகின்றது, ஆனால் அடிக்கடி அணைகின்றது

சில நிமிடங்கள் எரிந்ததும் சுடர் அணைந்து, ஊதுவிசிறி மட்டும் இயங்கி, துவாரங்களில் குளிர்ந்த காற்று வருவது மிகைவெப்ப ஆளி செயற்படுவதன் அறிகுறி ஆகும். வீடு குளிர்ந்திருக்க உலை மிகையாகச் சூடாவது முரணாகத் தோன்றலாம். வெப்பத்தை எடுத்துச் செல்லப் போதிய காற்று இல்லாமையே காரணம்.

அடைபட்ட காற்று வடிகட்டி இதன் முதற் காரணம் ஆகும். ஒரு அங்குலத் தடிப்புள்ள வடிகட்டியைக் குளிர்காலத்தில் மாதம் ஒரு முறை பார்த்து, அழுக்கடைந்திருந்தால் மாற்றவேண்டும். நுண்ணிய துகள்களையும் தடுக்கும் உயர்தர வடிகட்டி எப்போதும் நல்லது என்று கூறமுடியாது. அது காற்றையும் கூடுதலாகத் தடுக்கக்கூடும். மீள்காற்றுத் துவாரத்தின் முன் இருக்கையோ பெட்டிகளோ வைப்பதும், செலவைக் குறைக்க எண்ணிப் பல அறைகளின் துவாரங்களை மூடுவதும் இதே விளைவைத் தரும். இந்நிலை நீடித்தால் வெப்பப் பரிமாற்றியில் வெடிப்பு ஏற்படலாம். அப்போது புகையையும் வீட்டுக் காற்றையும் பிரிக்கும் சுவர் பழுதாகின்றது.

இதனோடு குழப்பக்கூடாத எளிய காரணம் ஒன்றும் உண்டு. கட்டுப்படுத்தியில் விசிறியின் தெரிவு "தானியங்கி" என்பதற்குப் பதிலாக "எப்போதும்" என்று இருந்தால், உலை எரியாத நேரத்திலும் விசிறி சுழன்று சூடாக்கப்படாத காற்றைத் தரும்.

இடைவிடாது இயங்கியும் வீடு சூடாகவில்லை

வீடு இழக்கும் வெப்பம், உள்ளும் புறமும் உள்ள வெப்பநிலைகளின் வேறுபாட்டுக்கு ஏற்பக் கூடும். எடுத்துக்காட்டாக, வெளியே −18 பாகை செல்சியசும் உள்ளே 22 பாகையும் உள்ளபோது 10 கிலோவாட்டு வெப்பத்தை இழக்கும் வீடு ஒன்றைக் கருதலாம். வேறுபாடு 40 பாகை. எனவே ஒரு பாகைக்கு 250 வாட்டு. வெளியே −4 பாகை எனில் வேறுபாடு 26 பாகை, இழப்பு 6.5 கிலோவாட்டு மட்டுமே.

மணிக்கு 60,000 பிரித்தானிய வெப்ப அலகு எரிவளியைப் பயன்படுத்தும் 95 விழுக்காடு திறனுள்ள உலை ஏறத்தாழ 16.7 கிலோவாட்டு வெப்பம் தரும். அது முதல் நிலையில் நேரத்தின் 60 விழுக்காடும், இரண்டாம் நிலையில் 39 விழுக்காடும் எரிந்தால் போதும். ஆகவே கடுங்குளிர் நாளில் உலை நீண்ட நேரம் இயங்குவது பழுது அன்று. ஆனால் −18 பாகையில் வீட்டைச் சூடாக்கிய உலை, இவ்வாண்டு −4 பாகையில் இடைவிடாது இயங்கியும் சூடாக்கவில்லை எனின் மூன்றில் ஒன்று நிகழ்ந்திருக்கவேண்டும்: உலை தரும் வெப்பம் குறைந்துள்ளது, அல்லது வெப்பம் அறைகளை அடையவில்லை, அல்லது வீட்டின் இழப்புக் கூடியுள்ளது.

இவற்றைப் பிரித்தறிய வெப்பமானி ஒன்று போதும். மீள்காற்றின் வெப்பநிலையையும் உலைக்கு அருகில் வெளிவரும் காற்றின் வெப்பநிலையையும் அளந்து வேறுபாட்டைக் காணவேண்டும். இவ்வேறுபாடு இருக்கவேண்டிய எல்லை உலையின் பெயர்ப்பலகையில் தரப்பட்டிருக்கும். எல்லைக்குக் கீழ் எனின் உலை தரும் வெப்பம் போதாது அல்லது காற்றோட்டம் மிகை. எல்லைக்கு மேல் எனின் காற்றோட்டம் குறைவு. எல்லைக்குள் இருந்தும் அறைகள் குளிர்ந்தால் குழாய்களையும் வீட்டையும் ஆராயவேண்டும். சூடாக்கப்படாத இடங்களில் செல்லும் குழாய்களின் கழன்ற இணைப்புகள், காப்பிடப்படாத கூரையடி, கதவு யன்னல் இடுக்குகள் ஆகியன பொதுவான காரணங்கள்.

கட்டுப்படுத்தியை 22 பாகைக்குப் பதிலாக 28 பாகையில் வைத்தால் வீடு விரைவில் சூடாகும் என்பது தவறான கருத்து ஆகும். ஒற்றைநிலை உலை எரியும்போது ஒரே அளவு வெப்பத்தையே தரும். 28 என்று வைப்பதால் அது எப்போது நிற்கும் என்பது மட்டுமே மாறும்.

சில அறைகள் மட்டும் குளிர்கின்றன

பல வீடுகளில் கட்டுப்படுத்தி ஒன்றே. அது இருக்கும் இடம் சூடானதும் உலை நின்றுவிடும். ஏனைய அறைகளின் நிலையை அது அறியாது. ஸ்கார்பரோ, பிராம்டன், மார்க்கம் முதலிய இடங்களில் கீழ்த்தளத்தை வாடகைக்கு விடுவது தமிழ்க் குடும்பங்களிடையேயும் பரவலாக உள்ளது. கட்டுப்படுத்தி மேலே வீட்டு உரிமையாளரின் கூடத்தில் இருக்க, கீழே குடியிருப்போர் குளிரில் இருப்பது இரு தரப்பினருக்கும் இடையே அடிக்கடி எழும் பிணக்கு ஆகும். மேலே 22 பாகை என்பது உண்மையாகவும், கீழே 17 பாகை என்பதும் உண்மையாகவும் இருக்கலாம். சமையலாலும் வெயிலாலும் மேல்தளம் சூடாகிறது; கீழ்த்தளத்தில் துவாரங்கள் பெரும்பாலும் கூரையில் இருப்பதால் சூடான காற்று தரைக்கு இறங்குவதில்லை.

முதன்மைக் குழாயில் இருந்து பிரியும் கிளைகளில் உள்ள தடுப்புத் தகடுகளைச் சிறிது சிறிதாகத் திருப்பிக் காற்றைச் சமன்படுத்தலாம். கீழ்த்தளத்தில் மீள்காற்றுத் துவாரம் இல்லாவிடில் ஒன்றை அமைப்பது பெரிதும் உதவும். அதனை உலை அறைக்கு வெளியே தகுதியுடையோரைக் கொண்டே அமைக்கவேண்டும். உலைக்கு அருகில் உள்ள மீள்காற்றுத் துவாரம் புகையை வீட்டினுள் இழுக்கக்கூடும்.

செய்யத்தக்கவையும் தகாதவையும்

வடிகட்டி மாற்றுதல், மின்கலம் மாற்றுதல், துவாரங்களைத் திறத்தல், வெளிக் குழாய் வாய்களில் உள்ள பனியை அகற்றுதல், குறியீட்டைப் படித்தல் ஆகியவற்றை எவரும் செய்யலாம். எரிவளிப் பகுதியைத் தொடும் வேலைகள் ஒன்ராறியோவில் தொழினுட்ப நியமங்கள், பாதுகாப்பு அதிகார சபையின் சான்றிதழ் பெற்ற எரிவளித் தொழினுட்பவியலாளருக்கு உரியவை.

பாதுகாப்பு ஆளி ஒன்றின் இரு கம்பிகளையும் நேரடியாக இணைத்து உலையை எரியவைப்பது ஒருபோதும் செய்யத்தகாதது. அவ்வாறு செய்தால் உலை எரியும், வீடும் சூடாகும். ஆனால் அழுத்த ஆளி எதனைக் கண்டு உலையை நிறுத்தியதோ அந்த அடைப்பு அப்படியே இருக்கும். புகை வெளியேற வழியின்றி வீட்டினுள் வரும்.

கார்பன் மோனாக்சைடு

எரிவளி முழுமையாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு (காபனோரொட்சைட்டு) உண்டாகின்றது. இதற்கு நிறமும் மணமும் இல்லை. குருதியில் உள்ள ஈமோகுளோபினுடன் இது ஒட்சிசனை விட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிணைகின்றது. தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், சோர்வு ஆகியன அறிகுறிகள். காய்ச்சல் இல்லாத தடிமல் போலத் தோன்றுவதும், வீட்டில் உள்ள பலருக்கும் ஒரே வேளையில் ஏற்படுவதும், வெளியே சென்றால் குறைவதும் இதனை இனங்காண உதவும். நீலமாக எரியவேண்டிய சுடர் மஞ்சளாக எரிவதும் ஓர் எச்சரிக்கை.

2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வுட்ஸ்டொக் நகரில் எரிவளிக் கணப்பின் புகைவழி அடைபட்டதால் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நால்வர் இறந்தனர். இதன் தொடர்ச்சியாக 2013 இல் ஹாக்கின்ஸ் ஜிக்னாக் சட்டம் நிறைவேற்றப்பட்டது. 2014 முதல், எரிபொருள் கருவி உள்ள வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகே எச்சரிக்கைக் கருவி கட்டாயம் ஆயிற்று. இக்கருவிக்கும் ஆயுட்காலம் உண்டு. மாற்றவேண்டிய ஆண்டு அதன்மேல் குறிக்கப்பட்டிருக்கும்.

எச்சரிக்கைக் கருவி ஒலித்தால் அனைவரும் உடனே வெளியேறி 911 ஐ அழைக்கவேண்டும். எரிவளிக்கு இயல்பில் மணம் இல்லை. கசிவை அறிவதற்காகவே அழுகிய முட்டையின் மணமுள்ள பொருள் சேர்க்கப்படுகின்றது. அம்மணம் வந்தால் மின் ஆளிகளைத் தொடாமல் வெளியேறி, வெளியே நின்றே தொலைபேசியில் அழைக்கவேண்டும்.

உலை இயங்காத வேளையில்

எரிவளி உலைக்கு மின்சாரமும் தேவை. 2013 டிசம்பர் பனிக்கட்டிப் புயலில் ரொறன்ரோவில் மட்டும் ஏறத்தாழ 300,000 இணைப்புகள் மின்சாரம் இழந்தன. குழாயில் எரிவளி இருந்தும் உலைகள் நின்றன. இத்தகைய வேளைகளில் கரி அடுப்பையோ மின்னாக்கியையோ வீட்டினுள்ளும் வாகனக் கொட்டகையினுள்ளும் பயன்படுத்துவது உயிராபத்தானது. சமையல் அடுப்பைக் கொண்டு அறையைச் சூடாக்குவதும் கூடாது.

அனைவரும் ஓர் அறையில் கூடி, கதவுகளை மூடி, யன்னல்களைப் போர்வையால் மறைக்கலாம். குழந்தைகளையும் முதியோரையும் சூடான இடத்துக்கு அனுப்புவது நன்று. நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவதால் நீர்க்குழாய்கள் வெடிக்கக்கூடும். வெளிச்சுவரை ஒட்டிய குழாய்களில் நீரை மெல்லிய தாரையாக ஓடவிடுவதும், கழுவுதொட்டியின் கீழ் உள்ள அலுமாரிக் கதவுகளைத் திறந்து வைப்பதும் உறைதலைத் தடுக்க உதவும். வீட்டை விட்டுச் செல்வதாயின் முதன்மை வால்வை மூடிக் குழாய்களில் உள்ள நீரை வெளியேற்றிவிடவேண்டும்.

சட்டமும் நுகர்வோரும்

ஒன்ராறியோவின் 2006 ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின் கீழ் வெப்பம் இன்றியமையாச் சேவை ஆகும். செப்டம்பர் 1 முதல் சூன் 15 வரை குறைந்தது 20 பாகை செல்சியசு இருக்கவேண்டும் என்று அதன் ஒழுங்குவிதிகள் கூறுகின்றன. ரொறன்ரோ மாநகர விதி குளிர்காலத்துக்கு 21 பாகையை வரையறுத்துள்ளது. வெப்பத்தை வழங்கும் பொறுப்பு வீட்டு உரிமையாளருடையதாயின், வாடகை நிலுவையில் உள்ளது என்பதற்காகக் கூட அதனை நிறுத்த அவருக்கு உரிமை இல்லை. குடியிருப்போர் அறையின் வெப்பநிலையை நாள், நேரத்துடன் குறித்து வைத்து, எழுத்தில் அறிவிப்பது பயனுள்ளது.

உலை நின்ற குளிரில் அவசரமாக ஒப்பந்தத்தில் கையொப்பம் இட நேர்வது உண்டு. அழைக்கப்படாமல் வீடுவீடாகச் சென்று உலைகளை விற்பதும் வாடகைக்கு விடுவதும் ஒன்ராறியோவில் 2018 மார்ச் 1 முதல் தடைசெய்யப்பட்டுள்ளன. இத்தகைய கருவிகளுக்காக வீட்டு உரிமைப் பதிவேட்டில் நுகர்வோருக்கு எதிராகப் பிணை அறிவித்தல் பதியும் முறையும் 2024 இல் தடைசெய்யப்பட்டது. உலையை மாற்றவேண்டும் என்று கூறப்பட்டால், பழுதான பகுதி எது, குறியீடு எது என்பதை எழுத்தில் கேட்டுப் பெறலாம். வெப்பப் பரிமாற்றி வெடித்துள்ளது எனில் உலையை உடனே நிறுத்தவேண்டும். வடிகட்டி, தீச்சுடர் உணரி, எரிமூட்டி, அழுத்த ஆளி ஆகியவற்றின் பழுது மட்டுமே எனில் அப்பகுதியைச் சீர்செய்வது பெரும்பாலும் போதுமானது.